வேலிக்கு அப்பால் நாலு மீட்டர்

மகன் ஷர்வினுக்கு மூன்று வயதாக இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அதற்குள் அயர்லாந்தில், ஏரி நடுவே ஒரு தீவில் இருக்கும் பழைய மடத்தை வெறுங்காலுடன் மூன்று முறை சுற்றுவதாகச் சுகந்தினி நேர்ந்திருந்தாள்.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஐரிஷ் தாதி ஒருத்தி தன் ஊர் மடத்தைப் பற்றிய சின்னப் புத்தகத்தைக் கொடுத்தாள். எண்ணூறு வருடத்துக் கட்டடம். கூரை போய், பாதிச் சுவரும் போய், இன்னமும் சனம் வந்து சுற்றுகிறதாம். என்ன சாமி என்று சுகந்தினி கேட்கவில்லை. நேர்ந்துவிட்டாள்.

இப்போது, பிள்ளையின் நுரையீரலுக்கு அவ்வளவு தூர விமானப் பயணம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

கணவன் ரஜிதன் நில அளவையாளன். புத்தகத்தில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, உலகின் மறுகோடியில், தங்கள் ஹில்ஸ்பரோ வீட்டின் பின்வளவில் அதே அளவில் முளை அடித்துக் கயிறு கட்டினான்.

"அங்கை கூரை இல்லை. இங்கை சுவரும் இல்லை. அவ்வளவுதானே?"

கயிறு வேலியில் முட்டி நின்றது.

"நாலு மீட்டர் காணாது. கொஞ்சம் சின்னனாக்கட்டே?"

"சாமியோடையும் கள்ள அளவோ?"

வேலிக்கு அப்பால் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர் பழனிசாமி. நாலு வருடத்தில் வணக்கத்துக்கு மேல் அவருடன் ஒரு வார்த்தை இல்லை. ஒருவரிடம் ஒன்று கேட்கச் சுகந்தினிக்கு வாய் வராது. ரஜிதன் எழுந்தான்.

"இருங்கோ. நேர்ந்தது நான்."

வேலி ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. "பீடம் வாற இடம்... உங்கட கோழிக்கூடு, ஐயா."

பழனிசாமி கூட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இத்தன நாளா நானு அங்கயா முட்ட பொறுக்கிட்டிருந்தேன்?"

சுத்தியலோடு வந்து இரண்டு இடத்தில் வேலிப் பலகையைக் கழற்றினார். போக ஒன்று, வர ஒன்று.

சுகந்தினி செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். புல் ஈரமாய்க் குளிர்ந்தது. இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் ஷர்வின் கோழிகளைக் கண்டு, வழுக்கி இறங்கி முன்னால் ஓடினான். அவள் வழக்கம்போல அவன் மூச்சுக்குக் காது கொடுத்தாள். இழுப்பு இல்லை.

"மம்மி, கம் ஆன்!"

கூட்டருகே பழனிசாமி ரப்பர் கம்பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலுடன் நின்றார்.

"குளிருமே ஐயா, நீங்கள் ஏன்?"

"எம்பட பக்கமும் நாலு மீட்டர் கோயிலாச்சுங்களே."

அவள் கடைசி முளையைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்தபோது பசித்தது.