சும்மா இருந்தவளின் வீடு

பட்டன்காரம்மாவின் வீடு முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஒரு புதன்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு. அப்போது அவள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வீடு ஆள் உயரத்துக்கு மேலே போய் நின்றது. வாசற்படி மட்டும் கீழேயே தங்கிவிட்டது. பட்டன் தைப்பதற்காகச் சட்டைக் கம்பெனியிலிருந்து வரும் மூட்டை அன்று வரவில்லை. சமையல் முடிந்திருந்தது, துணியும் மடித்தாகிவிட்டது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

எங்கள் தெருவில் யாரும் சும்மா இருப்பதில்லை. இருந்தாலும் வெளியே தெரியாது. கதவைத் தட்டினால் பத்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவோம். உள்ளே இருப்பவர் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள அவ்வளவு நேரம் கொடுப்பது மரியாதை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், மூச்சு விட நேரமில்லை என்பதுதான் பதில். காய்ச்சலில் படுத்துக்கிடந்த தபால்காரர்கூட அப்படித்தான் சொன்னார். பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார், அதாவது பட்டன்காரம்மா கணவரின் தங்கை, இந்த விஷயத்தில் தெருவுக்கே தலைவி. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டேதான்.

அன்று சர்க்கரை கேட்டு வந்த அவள் கதவைத் தட்டக் கையை நீட்டினால், அங்கே கதவு இல்லை. நிமிர்ந்து பார்த்து, "அண்ணி, கையில வேலை இல்லையா?" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பட்டன்காரம்மா பதறிப்போய் ஊசியை எடுத்தாள். வீடு பொத்தென்று இறங்கியது, இரண்டு தட்டு உடைந்தது. வீடு எழும்பியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவள் சும்மா இருந்ததைப் பற்றி ஆறு மாதம் பேசினார்கள்.

மானம் போன பயத்தில் பதினோரு வருடம் அவள் ஒரு நிமிடம்கூடக் கையைச் சும்மா வைக்கவில்லை. மூட்டை வராத நாட்களில் தைத்த பட்டனையே பிரித்து மறுபடி தைத்தாள். தராசு ரிப்பேர் செய்யும் கணவர், "கொஞ்சம் உட்காரேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். அவர் சொல்லாவிட்டால் என்ன, வீடு சொல்லிவிடுமே. இடுப்பு வலித்தது, கண் மங்கியது. தெரு அவளை மறுபடி மெச்ச ஆரம்பித்தது.

ஒரு மதியம் கணவரின் நீலச் சட்டையில் அதே இரண்டாவது பட்டனை நாற்பதாவது தடவையாகத் தைத்தபோது, துணி கிழிந்து பட்டன் கையோடு வந்துவிட்டது. மார்புக்கு நேராக ஒரு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தாள். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நல்ல சட்டை ஒன்று மிஞ்சியிருக்கும். ஊசியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வீடு இந்தத் தடவை விளக்குக் கம்பத்தின் உயரத்துக்குப் போனது, கொடியில் காய்ந்த துணிகளோடு.

"அண்ணி! என்ன பண்றீங்க?" என்று கீழேயிருந்து கத்தினாள் நாத்தனார்.

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் இருக்கேன்."

எங்கள் தெருவில் ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. தராசும் கையுமாகக் கூட்டத்தில் நின்ற கணவர், யாரும் கேட்காமலே, "என் பொண்டாட்டி" என்றார்.

மறுவாரம் நகராட்சி இன்ஜினியர் வந்தார். அந்த வீட்டுக்கு அடியில் சாக்கடைக் குழாய் வருடக்கணக்கில் அடைத்துக்கிடந்தது. "நாளைக்குச் சரியா மூணு மணிக்கு உட்காருங்கம்மா, வீடு எழும்பினதும் அடியில தோண்டிடுறோம், ஊருக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். அப்பாடா, அந்தச் சும்மாவுக்கும் ஒரு வேலை கிடைத்ததே என்று எங்களுக்கு நிம்மதி. அவளும் மறுக்காமல் உட்கார்ந்தாள். வீடு இம்மியும் அசையவில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் ஐந்து மணிவரை நின்றார்கள்.

"நீங்க சொல்லி உட்கார்ந்தா அது வேலைங்க. இதையும் வேலையாக்கிட்டா நான் எப்பதான் உட்கார்றது?" என்றாள். இன்ஜினியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கவாட்டில் தோண்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வாரத்தில் நாலைந்து நாள் அந்த வீடு மேலேதான். தபால்காரர் ஒரு ஏணி வாங்கிக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் வந்தால் நாங்களே கூட்டிப்போய், மேலே கைகாட்டி, எங்கள் தெரு என்று சொல்லிக்கொள்கிறோம்.

போன மாதம் நாத்தனார் அந்த ஏணியில் ஏறிப்போனாள். இடுப்பில் ஒரு கூடை பட்டாணி. "உரிச்சுக்கிட்டே பேசலாம்னு வந்தேன்" என்றாள். பட்டன்காரம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கூடை கொஞ்ச நேரம் மடியில் இருந்தது, பிறகு தரைக்குப் போனது. "உட்கார்ந்தா கால் இப்படித்தான் இருக்குமா அண்ணி?" என்று கேட்டு நாத்தனார் அழுதுவிட்டாள். அந்த நேரத்தில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த அவள் வீடும் மெல்ல எழும்பி, அண்ணன் வீட்டுக்குச் சமமாக வந்து நின்றது. தபால்காரர் ஒரே ஏணியில் ஏறி இரண்டு வீட்டுக் கடிதங்களையும் கொடுத்துவிட்டு இறங்கினார்.