பன்றியோடு வந்த சம்பந்தம்

வெள்ளிக்கிழமை நண்பகலில், பச்சைப்பயற்றுக் குழம்பின் இரண்டாவது பானையைப் பெர்லித்தா அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் பித்தளை வாத்தியங்கள் முழங்கத் தொடங்கின. சவ ஊர்வலமாயின் மெதுவாக வாசிப்பார்கள். திருவிழாவோ எப்போதோ முடிந்துவிட்டது. அவளுடைய சோற்றுக்கடையில் உண்டுகொண்டிருந்தவர்கள் தட்டுகளைக் கையில் ஏந்தியபடியே வாசலுக்கு ஓடினர். முதலில் வாத்தியக்காரர்கள் வந்தார்கள். பின்னால் நால்வர், தோல் செம்பழுப்பாய் மின்னும் முழுப் பன்றியொன்றை, அதைச் சுட்ட மூங்கிலோடு தோளில் சுமந்து வந்தனர். அதற்கும் பின்னால், வாக்குக் கேட்கும் காலத்தைப் போலவே இருபுறமும் கையசைத்துக்கொண்டு, மேயர் ரொதுல்போ மொந்தெக்ளார் வந்தார். கடைசியாக, விசேஷங்களுக்கென்று வைத்திருந்த வெண்ணிறச் சட்டையும் ‘கப்பித்தான்’ என்று நூல்வேலை செய்த தொப்பியுமாக, வியர்த்து வழிந்துகொண்டு அவருடைய தம்பி எலிசெயோ வந்தார். அவர்தாம் அந்த ஊர்ப்பிரிவின் தலைவர், மனைவியை இழந்தவர், நாள்தோறும் இதே கடையில் உண்பவர்.

சான் இலாரியோவில் குழந்தை பிறந்தால் சான்றிதழில் ஒரு மொந்தெக்ளார் கையொப்பமிடுவார். மனிதன் இறந்தால் இன்னொரு மொந்தெக்ளார் மலர்வளையம் அனுப்புவார். அண்ணன் மேயர், அண்ணி துணை மேயர், மகன் நகர மன்றத்தில், தம்பி கப்பித்தான். அதிகாரம் மணிலாவிலிருந்து ஊருக்கு வரவேண்டும் என்று மேயர் மேடைதோறும் கூட்டாட்சி பேசுவார். ஊருக்கு வந்து சேர்ந்த அதிகாரமோ அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டியதில்லை. அவர்களால் நுழைய முடியாத வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இளைஞர் மன்றத் தேர்தலில், பதவியில் இருப்பவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தார் எவரும் நிற்கலாகாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே, கப்பித்தான் பதவிக்கும் சேர்த்து வரும் திங்கட்கிழமை நடக்கவிருந்த அத்தேர்தலில், மேயர் தம் காரோட்டியின் மகனை நிறுத்தியிருந்தார். அவனை எதிர்த்து நின்றவள், கணவனை இழந்த பெர்லித்தாவின் ஒரே மகள் ஜோவெலின். கழிமுகத்தைப் படகில் கடந்தே பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லவேண்டும். சென்ற மழைக்காலத்தில் அப்படகு கவிழ்ந்தது. நீரில் விழுந்தவர்களுள் அவளும் ஒருத்தி. இளைஞர் நிதியில் மிதவை அங்கி வாங்கித் தருவேன் என்பதே அவளுடைய ஒரே வாக்குறுதி. அந்த நிதியோ ஆண்டுதோறும், மேயரின் முகம் அச்சிட்ட கூடைப்பந்துச் சட்டைகளாகவே மாறி வந்தது.

பன்றியைக் கடையின் நீண்ட மேசைமேல் கிடத்தினர். வாத்தியங்கள் ஓய்ந்தன.

“ஊர் சனங்களே!” என்றார் மேயர். “என் தம்பி வெக்கப்படுறான், அதனால நான் கேக்குறேன். பெர்லி, எங்க வீட்டுக்கு மருமகளா வா. ஞாயித்துக்கிழமை நான் நடத்துற இலவசக் கல்யாணத்துல முதல் ஜோடி நீங்கதான். லைசென்ஸ், மோதிரம், கேக்கு, எல்லாம் என் பொறுப்பு!”

தெரு ஆர்ப்பரித்தது. “சரின்னு சொல்லுக்கா, பன்னி ஆறுது!” என்று முரசுக்காரன் தொலிங் கத்தினான்.

பெர்லித்தா அகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் அஞ்சவில்லை, மகிழ்ந்தாள். அதை அவளே தனக்குள் மறைக்க முயன்று தோற்றாள். மழையில் கூரை ஒழுகியபோது, ஆளை அனுப்பாமல் தாமே ஏணி வைத்து ஏறித் தகரம் மாற்றியவர் எலிசெயோ. உண்ட தட்டைத் தாமே கழுவி வைப்பவர். ஊரில் யாரையும் ஏவத் தெரியாத ஒரே மொந்தெக்ளார். வெகுகாலமாகக் குழம்பு மீனின் தலையை அவருக்கென்று அவள் தனியே எடுத்து வைத்து வந்தாள். இப்போது அவர் தொப்பிக்குக் கீழிருந்து அவளைப் பார்த்த பார்வையில், வேண்டுதலும் அச்சமும் சரிபாதியாக இருந்தன. ‘சரி’ என்னும் சொல் அவள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் மகளைப் பார்த்தாள். ஜோவெலின் அடுப்படி வாயிலில், பாதி எழுதிய அட்டையும் சாயத் தூரிகையுமாக, முகம் வெளுத்து நின்றாள்.

“அம்மா,” என்றாள் அவள், தணிந்த குரலில். “ஞாயித்துக்கிழமை கல்யாணம் ஆனா, கப்பித்தான் எனக்கு அப்பா முறை. திங்கக்கிழமை தேர்தல். நான் பதவியில இருக்கிறவரோட மக ஆயிடுவேன். என் பேர அடிச்சிடுவாங்க.”

தட்டோடு நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினர். செய்தி வாய்வழி தெருக்கோடி வரை சென்று திரும்பியது.

“அட, நல்ல காரியத்துல சட்டம் பேசலாமாம்மா?” என்று மேயர் சிரித்தார். “உனக்கு மன்றம் எதுக்கு? எங்க வீட்டுப் பொண்ணாயிட்டா வேண்டியத நானே செஞ்சு தரமாட்டேனா?”

“உங்க முகம் போட்ட சட்டைய ஏற்கெனவே தந்துட்டீங்க, மேயர் ஐயா. படகு கவுந்தப்போ அதப் போட்டுட்டுத்தான் விழுந்தேன். அது மிதக்கல.”

சிரிப்பு வெடித்தது. தொலிங் தன்னை மறந்து முரசை ஒருமுறை தட்டிவிட்டு, மேயரின் பார்வை பட்டதும் கோலை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டான். ஜோவெலின் சிரிக்கவில்லை. தாயின் அருகில் வந்து, “ஆனா நீ எனக்காக யோசிக்காதம்மா,” என்றாள். “மீன் தலை யாருக்குப் போகுதுன்னு ஊருக்கே தெரியும். உனக்குப் பிடிச்சிருந்தா சொல்லு. நான் இப்பவே போய் வாபஸ் வாங்கிக்கறேன்.”

பெர்லித்தா நேரே எலிசெயோவின் முன் சென்று நின்றாள்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

“சத்தியமாத் தெரியாது, பெர்லி.” அவர் முகம் காதுவரை சிவந்தது. “நான் எத்தனையோ தடவ கேட்டேன், அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. சோத்துக்கடைக்காரியான்னாரு. இந்த வாரம் அவரே கூப்பிட்டு, போய்க் கேளுடா, பன்னிய நான் வாங்கித் தரேன்னாரு. மனசு மாறிட்டாருன்னு சந்தோஷப்பட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதை அவள் அறிந்தாள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பத்தில் அவர் இந்நேரம் மேயராகியிருப்பார். இதோ, அவளுடைய ஆசையும் மகளுடைய தேர்தலும் ஒரே மேசையில், ஒரு பன்றியின் இருபுறமும் நிற்கின்றன. மேசையின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஊரே காத்திருக்கிறது. அவளுக்குள் திடீரென்று ஒரு துணிவு, கொதிக்கும் பானையின் மூடி எழும்புவதுபோல எழும்பிற்று.

“எல்லாரும் கேட்டுக்குங்க!” என்று அவள் அகப்பையை உயர்த்தினாள். “எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. ஒளிக்க ஒண்ணுமில்ல. தடை நானும் இல்ல, இவரும் இல்ல, இவரு தலையில இருக்கிற தொப்பிதான். கப்பித்தான், பதவிய விட்டுடுங்க, இந்தத் தேர்தல்லயும் நிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முதல் ஜோடியா நானே வந்து நிக்கிறேன். உங்க அண்ணனே நடத்தி வைக்கட்டும்!”

தெரு முழுவதும் ஒரே கூச்சல். பெண்கள் தட்டுகளில் கரண்டியால் தட்டினர். யாரோ பன்றியின் காதைப் பிய்த்துத் தின்றுகொண்டே, “விடுங்க கப்பித்தான், விடுங்க!” என்று கத்தினார். மேயர் சிரிப்பு மாறாமலே, குரலை மட்டும் மாற்றினார்.

“தம்பி, கெளம்பு. டேய், பன்னியத் தூக்குங்கடா.”

“தூக்கலாம் மேயரே,” என்றான் தொலிங், “போய்ச் சேர்றப்ப மூங்கில்தான் இருக்கும்.”

மேயர் விடுவிடுவென்று தெருமுனைக்கு நடந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து காரின் ஒலிப்பான் அலறிற்று, நின்றது, மீண்டும் அலறிற்று. பிறந்ததிலிருந்து எலிசெயோ அந்த அழைப்புக்கு எழாமல் இருந்ததில்லை என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

எலிசெயோ தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அதை மேசைமேல், மிளகாய் ஊறிய காடிப் புட்டியின் பக்கத்தில் வைத்தார். விசிப்பலகையில் உட்கார்ந்தார்.

“சோறு இருக்கா, பெர்லி?”

அவள் பரிமாறினாள். சோற்றின்மேல் பச்சைப்பயற்றுக் குழம்பை ஊற்றி, அதன் நடுவில் மீன் தலையை வைத்தாள். ஜோவெலின் தூரிகையைப் பிடித்தபடியே நின்றாள். சிவப்புச் சாயம் அவள் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியக்காரர்கள் ஊதுகுழல்களை உதட்டில் வைத்தும் ஊதாமல் காத்திருந்தனர். ஒலிப்பான் மூன்றாம் முறை, நிறுத்தாமல் அலறத் தொடங்கியது. எலிசெயோ ஒரு கவளத்தை விழுங்கினார். தலை நிமிராமலே, தொப்பியும் காடிப் புட்டியும் ஒட்டி இருந்த திசையை நோக்கிக் கையை நீட்டினார்.