எருமப்பட்டிக்கு வந்த சினிமாக்காரி

ஜனங்களுக்கு முதுகு காட்டினால் அன்றோடு பிழைப்பு போச்சு என்று சொல்லித்தான் சாலம்மாளை நாடகத்தில் சேர்த்தார்கள். பதினெட்டு வருஷமாக அவளும் காட்டவில்லை. ராஜாவைக் கொஞ்சினாலும் சரி, விஷம் குடித்துச் செத்தாலும் சரி, முகம் ஜனங்கள் பக்கம்தான். குரல் கடைசி வரிசைக்கு.

1974இல் சேலத்து ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது அந்தப் பழக்கமும் கூடவே காரில் ஏறிக்கொண்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் வேஷம், ஒரே காட்சி. "பொணத்தப் பாத்து அழும்மா" என்றார் டைரக்டர். சாலம்மாள் கேமராவைப் பார்த்து அழுதாள், அதுவும் ஆட்டையாம்பட்டிக்கே கேட்கிற மாதிரி. பிணமாகப் படுத்திருந்தவர் இரண்டு தடவை திடுக்கிட்டு எழுந்துவிட்டார். ஏழு தடவை எடுத்துப் பார்த்த டைரக்டர், அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்தார். கேமரா பிறகு முன்பக்கம் சுற்றி வரும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது?

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நோட்டீஸில் 'சினிமா புகழ்' என்று போடச் சொன்னாள்.

எருமப்பட்டி மாரியம்மன் நோம்பி நாடகத்துக்கு வருஷா வருஷம் ராணி அவள்தான். மறு வருஷம் தர்மகர்த்தா காளியண்ணன் இழுத்தார்.

"வாழப்பாடில சின்னப் புள்ள ஒண்ணு நல்லாப் பாடுதாமுங்க. நீங்க ராணிக்கு ஆத்தா வேஷம் கட்டுனா என்னங்க?"

ஒரு தடவை ஆத்தா வேஷம் கட்டினால் போதும், அப்புறம் எந்த ஊரும் ராணிக்குக் கூப்பிடாது. முப்பத்தெட்டு வயதான சாலம்மாள் சினிமாவைத் துணைக்கு இழுத்தாள்.

"அடுத்த வாரம் உங்கூரு டெண்டு கொட்டாய்ல நானு நடிச்ச படம் வருதுங்க. பாத்துப்போட்டு முடிவு பண்ணுங்க."

ஊரே வந்தது. சாலம்மாள் பட்டுச்சேலை கட்டி முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். திரையில் பிணம் வந்தது. பக்கத்தில் ஒரு முதுகு வந்தது. வேறு யாரோ ஒருத்தியின் குரலில் அது அழுதது. பிறகு முதுகும் போய்விட்டது. வாய் ஓயாமல் பீற்றிக்கொண்ட அத்தனை நாளும் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போகலாமென்றால் பட்டுச்சேலை எல்லார் கண்ணிலும் படும்.

மறுநாள் காலையில் காளியண்ணனிடம் அவளே போனாள். "ஆத்தா வேஷமே கட்டிக்கிறனுங்க."

"அதெப்படிங்க? நீங்கதான் ராணின்னு ஊரே சொல்லுது" என்றார் அவர்.

முகமே தெரியாவிட்டாலும் திறமை தெரிந்துவிட்டதாக்கும் என்று, வெட்கமில்லாமல் அவள் மறுபடியும் பூரித்துப்போனாள்.

நோம்பியன்று ராணி வேஷத்தில் வந்து முதல் பாட்டை முடித்தாள். முன்வரிசையிலிருந்து பொன்னாயி என்பவள் எழுந்தாள்.

"அம்மிணி, கொஞ்சம் திரும்பி நில்லுங்க. சினிமாவுல வந்த முதுகப் பாத்துக்கறோம்."

கேலி இல்லை. கேலியாக இருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். மற்றவர்களும் ஆசையோடு, "ஆமாங்க, ஒருக்காத் திரும்புங்க" என்றார்கள். ஆர்மோனியக்கார அம்மாசி தலையைக் குனிந்துகொண்டார்.

மேடையேறிய இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக சாலம்மாள் ஜனங்களுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். கைதட்டல் காதைப் பிளந்தது. பின்படுதாவைப் பார்த்தபடி நின்றவளுக்குக் கண்ணீர் பொங்கியது. சத்தமே இல்லாமல் அழுதாள். டைரக்டர் ஏழு தடவை கேட்ட அழுகை அன்றைக்குத்தான் வந்தது.

தோள் குலுங்குவதைப் பார்த்துப் பொன்னாயி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "படத்துல பண்ணுனாப்பலயே பண்றாங்க பாரு."