ஏழாம் அறையும் பித்தளைச் சேவலும்

ப்ளூ லான்டர்ன் மோட்டலின் ஏழாம் எண் அறை தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அறுநூறு அடி கீழே இறங்கும். ஐந்து மணிக்கு மேலே வந்துவிடும். மற்ற எட்டு அறைகளுக்கு வாடகை எண்பத்தைந்து டாலர், இதற்கு எழுபது. கீழே இருக்கும் நேரத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பதால்தான் இந்தச் சலுகை.

டெல்ஃபா ஊரின் தாமிரச் சுரங்கத்தைத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் மூடினார்கள். தோண்டியவர்கள் போனார்கள், படம் வரைகிறவர்கள் வந்தார்கள். தேவாலயம் ஓவியக்கூடம் ஆயிற்று, சம்பளம் கொடுத்த கட்டிடத்தில் யோகா நடக்கிறது. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் மூன்று மணிச் சங்கை மட்டும் ஊர்க்கூட்டம் நிறுத்தவில்லை. அது ஊதாவிட்டால் உருளைக்கிழங்கை எப்போது அடுப்பில் வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. வேலையில்லாத சங்கு முதன்முதலாக ஊதிய அன்றே ஏழாம் அறை கீழே போயிற்று. உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்த விற்பனைப் பிரதிநிதி ஐந்து மணிக்கு மேலே வந்து, எங்கும் வெட்டுப்படவில்லை என்று மட்டும் சொன்னார்.

அறை தன் ஷிப்டை மறக்காததைப் போலவே சுரங்கத்தின் சட்டத்தையும் மறக்கவில்லை. கீழே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மோட்டல் அலுவலகத்துப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் கழற்ற வேண்டும். பலகையில் வில்லை இல்லாதவருக்குக் கீழே அறைக்கதவு திறக்காது, உள்ளிருந்து யார் இழுத்தாலும் சரி. மோட்டலை நடத்திய லோர்னா டிரெனரி விருந்தாளிகளிடம் இதை இரண்டு முறை சொல்வாள். கணவன் வேர்னிடம் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் எண் வில்லையை மாட்ட அவனுக்கு மறந்ததில்லை. கழற்ற ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை. அவள்தான் கழற்றுவாள்.

ஒரு மார்ச் மாதத்தில் ஒருநாள் மூன்றரை மணிக்குத் துணி துவைத்துவிட்டு வந்தவள் முப்பத்தொன்று தொங்குவதைப் பார்த்தாள். நேற்றைய மறதி என்று நினைத்து, திட்டிக்கொண்டே கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாள். பலகையோடு வந்த பழைய வில்லைகள் அதில் கிடந்தன. தொள்ளாயிரத்து இருபத்தாறில் சுரங்கத்தின் கிழக்குப் பக்கம் சரிந்தபோது யாரும் வந்து கழற்றாமல் பலகையிலேயே தங்கிப்போன எட்டு வில்லைகளும் அவற்றில் இருந்தன. கால் மணி நேரத்தில் சிற்பி ஜூனிபர் துருப்பிடித்த சாமான் கேட்டு வந்தாள். லோர்னா டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஐந்து மணிக்கு அறை மேலே வந்தது. அவன் பழுதுபார்க்கப் போயிருந்த குழாய் ஒழுகவில்லை. வேர்ன் இல்லை.

மறுநாள் அவளே கீழே போனாள். குளியலறை ஜன்னல் ஒரு சாண் அகலம். அதற்கு வெளியே வேர்ன் நின்றுகொண்டிருந்தான்.

“கதவத் தொற, லோர்னா.”

“அசைய மாட்டேங்குதுய்யா! நீ எதுக்கு வெளிய எறங்குன?”

“கொழாய்க்கு மாட்ட வாஷர் ஒண்ணு கெடச்சுது, இன்னும் தேடித்தான். இங்க எவ்ளோ நல்ல வாஷரெல்லாம் கெடக்கு தெரியுமா?”

“வாஷராம் வாஷர். வேர்ன், உன் வில்லைய நான்தான் கழட்டிட்டேன். நீ வந்துட்டேன்னு நெனச்சுட்டேன்.”

வேர்ன் ஜன்னலுக்குள் கையை நீட்டினான். “சரி விடு. நான் கழட்டியிருந்தா நீ ஏன் கழட்டப் போற? திங்க என்ன கொண்டு வந்த?”

இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்ட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு மேலே வந்தாள். அன்றிலிருந்து தினமும் ஒன்று போயிற்று. அவள் போக முடியாத நாளில் விருந்தாளிகள் கொடுத்தார்கள். புதிதாக முப்பத்தொன்று பொறித்து ஒரு வில்லை மாட்டிப் பார்த்தாள். அறை அதைச் சட்டை செய்யவில்லை. இரட்டைக் கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும் படுத்து எழுந்தாள், அவன் பக்கத்துப் போர்வை கலையவே இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜூனிபரோ டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் பற்றவைத்து ஆறடிச் சேவல் செய்து முடித்திருந்தாள். எண்கள் எல்லாம் உட்பக்கம்.

“எது முப்பத்தொண்ணுன்னு எனக்கே தெரியாது லோர்னா. பிரிச்சா சேவலே போச்சு. பதினோரு வருஷத்துல வித்த மொத உருப்படி இது. சனிக்கிழமை நாலு மணிக்கு பீனிக்ஸ்லேருந்து பல் டாக்டர் லாரியோட வர்றார்.”

லோர்னா அழுதாள். ஜூனிபரும் அழுதாள். பிறகு லோர்னா மூக்கைச் சிந்திவிட்டு, “வில்லை பலகைல தொங்கணும், அவ்ளோதான? சேவலோட தொங்குனா ரூம் வேணாம்னா சொல்லும்?” என்றாள்.

சனிக்கிழமை மதியம் நான்கு பேர் சேவலைத் தூக்கிவந்து சங்கிலி போட்டுப் பலகையில் மாட்டினார்கள். சுவரில் விரிசல் விட்டது. மூன்று மணிக்குச் சங்கு ஊத, ஏழாம் அறை காலியாக இறங்கியது. நான்கு மணிக்குப் பல் டாக்டர் வந்து தன் சேவலைக் கேட்டார். லோர்னா பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐந்து மணிவரை நகரமாட்டேன், அடுப்பில் காபி இருக்கிறது என்றாள்.

ஐந்து மணிக்கு அறை மேலே வந்தது. கதவு திறந்து, தொப்பியில் மெழுகுவர்த்தி செருகிய மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எட்டுப் பேர் இறங்கினார்கள், எல்லாரும் தொப்பியைக் கழற்றி லோர்னாவுக்கு வணக்கம் சொன்னார்கள். அவள் அவர்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசியாக வேர்ன் வந்தான், இரண்டு பையிலும் வாஷர்.

“ஏன்யா கடைசியா வர்ற? உசுரே போயிருச்சு எனக்கு!”

“வரிசைல எனக்கு முன்னாடி நின்னாங்க. தொண்ணூறு வருஷமா நிக்கிறாங்களாம். தாண்டியா வர முடியும்?”

அவள் அவன் மார்பில் ஒரு குத்து விட்டுக் கட்டிக்கொண்டாள். எட்டுப் பேரும் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். ‘அறை காலி இல்லை’ என்ற நியான் பலகை அன்றுதான் ஒழுங்காக எரிந்தது. அவர்களில் ஒருவருக்கு இருபத்தாறிலிருந்தே கடைவாய்ப் பல் வலி. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பல்லைப் பிடுங்கினார். சேவல் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மே மாதமும் வந்து நான்காம் அறையில் தங்கி அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். மீசைக்காரர் இப்போது ஜூனிபருக்குப் பற்றவைத்துக் கொடுக்கிறார்.

சேவலை இறக்க முடியாததால், பலகையைப் பொறுத்தவரை வேர்ன் இன்னும் கீழேதான் இருக்கிறான். அதனால் ஏழாம் அறை கீழிருந்து கிளம்பும் முன் அவனுக்காக அரை நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் வருகிறது. லோர்னாவும் தினமும் ஐந்து மணிக்கு வாசலுக்கு வந்து, அந்த அரை நிமிடமும் நின்று, கதவு திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேர்ன் காபியோடு அவள் பக்கத்தில்தான் நிற்கிறான்.