இல்லாத மத்ரஸா

காலை ஆறு மணிக்கு றஊபின் லொறி வந்து நின்றால்தான் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் பொழுது விடிந்த மாதிரி. பின்கதவைத் திறந்து, சாக்கை விலக்கி, ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார். படகில் வந்த மீனைப் பெட்டியில் அடுக்கக் காத்திருப்பவர்கள் சுற்றி நின்று சத்தம் போடுவார்கள். இருபது வருடத் தொழில் இது. ஊரில் அவருக்கு 'ஐஸ் றஊப்' என்றே பெயர்.

ஐஸ் என்ற சொல்லுக்குப் போதைத்தூள் என்ற இன்னொரு பொருளும் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "நானா, உங்களப் பொலிஸ் தேடுதாம்" என்பார்கள். "என்ட ஐஸ் மீனுக்கு மட்டும்தான்டா" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஆறு கிழமையாக அவர் சிரிப்பதில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் அவரிடம் கேட்பதற்கு ஊருக்கு வேறு நல்ல கதை கிடைத்துவிட்டது.

"மகன் எப்படி நானா? எத்தின ஜுஸ்உ முடிஞ்ச?"

"பன்னிரண்டு," என்றார் றஊப்.

போன கிழமை எட்டு என்று சொல்லியிருந்தார். குர்ஆனின் முப்பது பாகங்களில் பன்னிரண்டை ஒரு பிள்ளை நாற்பது நாளில் மனப்பாடம் செய்துவிட்டான் என்றால் யாராவது சந்தேகப்பட வேண்டாமா? ஊர் சந்தேகப்படவில்லை. வாயைப் பிளந்து அதிசயப்பட்டது. "மாஷா அல்லாஹ்" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து றஊபின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து பள்ளிவாசல் தலைவர் மஸாஹிர் ஹாஜியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, கரையில் நிற்கிறவர்கள் தாமாகவே வழி விடும் நடை.

"றஊப், வார நோன்புக்கு உங்கட மகன் ஒரு நாளைக்காவது முன்னுக்கு நிண்டு இராத் தொழுகை, தராவீஹ் தொழுவிக்கணும். கமிட்டியில முடிவெடுத்தாச்சு. வார ஜும்ஆவுல அறிவிக்கப் போறன்."

"சின்னப் புள்ள ஹாஜியார்..." என்று இழுத்தார் றஊப்.

"பதினேழு வயசு சின்னப் புள்ளயா? ஊருக்கே பெருமை. மறுக்கப்படாது."

றஊப் தலையாட்டினார். நோன்புக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது.

உண்மை இதுதான். றஊபின் மகன் சியாம் எந்த மத்ரஸாவிலும் ஓதவில்லை. மதுரங்குளிக்கு அப்பால், தென்னந்தோட்டத்துக்குள் இருந்த ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்தான். காரணம் அந்த இன்னொரு ஐஸ்.

நாலைந்து நாள் தொடர்ந்து தூங்காமல் திரிந்த பிள்ளையை முதலில் ஓதிப் பார்க்கக் கொண்டுபோனார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். நூலோடு வந்த பிள்ளை அன்றைக்கே அலுமாரிக் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். காயத்துக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஒரு இளம் டொக்டர் காயத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "இது பேய் பிசாசு இல்ல. வருத்தம். மருந்து இருக்கு, ஆள் இருக்கு. சில பேருக்குக் கிழமைக்கு ஒருக்கா மனநலக் கிளினிக்குக்கு வந்தாப் போதும். உங்கட மகன் கொஞ்சம் தூரம் போயிட்டார், கொஞ்ச நாள் தங்கட்டும். பயப்படாதீங்க, வைத்தியத்துக்கு வாறவங்கள நாங்க பொலிஸுக்குக் காட்டிக் குடுக்கிறதில்ல."

பொலிஸ் பயம் போயிற்று. ஊர்ப் பயம் போகவில்லை. அடுத்த நாளே பக்கத்து வீட்டு மர்ளியா வேலியோரம் வந்து, "மகன் எங்க, காணல்ல?" என்று கேட்டாள். றஊபின் மனைவி றஹ்மா புருசனைப் பார்த்தாள். "ஓதப் போயிருக்கான்," என்று றஊப்தான் சொன்னார். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மர்ளியா வட்டிலப்பம் செய்து அனுப்பினாள், ஓதுகிற பிள்ளைக்கு. பொய்யும் பிள்ளை மாதிரித்தான், ஒருமுறை பெற்றுவிட்டால் தினமும் சோறு போட்டு வளர்க்க வேண்டும்.

சனிக்கிழமைதான் நிலையத்தில் குடும்பங்கள் கூடும் நாள். ஐந்து கிழமையும் றஊப் மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, லொறிக்குள் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது கிழமையும் அப்படியே இருந்தபோது லொறிக் கதவை யாரோ தட்டினார்கள். உளவள ஆலோசகர் சுஜாந்தி. உடப்பு ஊரைச் சேர்ந்த, முப்பது வயதுகூட ஆகாத பெண்.

"நானா, இறங்குங்க."

"வருத்தம் அவனுக்குத்தானே புள்ள. நான் எதுக்கு?"

"வருத்தம் அவருக்கு. வீடு உங்களுக்கு. இங்க இருந்து அவர் திரும்பிப் போறது அந்த வீட்டுக்குத்தானே? இறங்குங்க நானா."

ஒரு பெண் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது என்ன செய்வது? இறங்கினார்.

உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. தாய்மார், தகப்பன்மார், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். றஊப் சியாமைத் தேடிப் பார்த்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண் மனுசக் கண்ணாக இருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"என்ட பேர் சியாம். இன்டைக்கு நாப்பத்தியோராவது நாள்."

எல்லாரும் கேட்கச் சொன்னான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்திக் களப்புல எங்கட தோணி கவிழ்ந்த. நானும் கூட்டாளி இஜாஸும். நான் பலகையப் பிடிச்சிட்டன். மற்றக் கையால அவன்ட கையப் பிடிச்சிருந்தன். நழுவிட்டு. கண்ண மூடினா அந்தக் கை திரும்ப வரும். திரும்ப நழுவும். அதால கண்ண மூடாம இருக்க ஏதாவது கிடைக்குமான்னு தேடினன். அது கிடைச்ச. முதல் நாள் விடிய விடிய முழிச்சிருந்தன். கை வரல்ல. பெரிய நிம்மதி. பிறகு அது இல்லாம இருக்க ஏலாமப் போயிட்டு."

றஊப் இஜாஸின் ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தார். இறந்தவனுக்காகக் கத்தம் ஓதிச் சாப்பிட்டுவிட்டும் வந்தார். மகனிடம், "அல்லாஹ்ட நாட்டம், அழாத" என்று சொல்லி மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் அனுப்பிவைத்தார். அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார். இரண்டு வருடம் அந்தக் கை தினமும் வந்து நழுவியிருக்கிறது, ஒரே கூரையின் கீழ், அவர் குறட்டை விட்டுத் தூங்கிய அறைக்கு அடுத்த அறையில். இத்தனையையும் சுமந்துகொண்டு இந்தப் பிள்ளை சாப்பிட்டான், பாடம் படித்தான், தன்னோடு ஐஸ் கட்டியும் இறக்கினான். றஊப் மகனைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பன்னிரண்டு ஜுஸ்உ பெரிய அதிசயம் என்று ஊர் நினைக்கிறது. நாற்பத்தொரு நாள் அந்தக் கையை நேருக்கு நேர் பார்த்தபடி கண்ணை மூடித் தூங்கப் பழகிய பிள்ளை இங்கே நிற்கிறான், அதை அறிந்தவர் யார்?

"நானா, ஏதாவது சொல்லணுமா?" என்று சுஜாந்தி கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"தொண்ணூறாம் ஆண்டு எங்களத் துரத்தினப்போ நாங்க மன்னார்ல இருந்து தோணில வந்தம். எனக்குப் பத்து வயசு. எங்கட தோணில ஒரு பச்சப் புள்ள மௌத்தாச்சு. அந்த உம்மா கற்பிட்டிக் கரை வரும் வரைக்கும் தூங்குற புள்ள மாதிரியே மடியில வச்சிருந்தா. நான் பக்கத்துல இருந்தன். எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லல்ல."

இருபது வருடம் கூட வாழ்ந்த றஹ்மா அன்றுதான் அதைக் கேட்டாள். மகன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தான். 

பிறகு சியாம் மெல்லக் கேட்டான். "வாப்பா, இன்னும் ரெண்டு கிழமையில என்ன வீட்ட அனுப்புவாங்களாம். உம்மா சொன்னா, நான் ஊருல குர்ஆன் மனனம் செஞ்ச ஹாபிழாம், உண்மையா?"

றஊப் தலையைக் குனிந்தார்.

"எனக்கு யாஸீன் சூறாவே பாதியில தடுக்குமே வாப்பா!"

முதலில் சிரித்தவர் எதிரே இருந்த மீனவர் நிக்கொலஸ். "நீங்க பரவால்ல நானா. என்ட மகள் இத்தாலியில. நேத்து அங்க பனி கொட்டுதாம்னு மனுசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா." அவர் மகள் பக்கத்துக் கதிரையிலேயே இருந்து வாயைப் பொத்திக்கொண்டாள். கூடமே குலுங்கிச் சிரித்தது. சியாமும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"வெளிய போனா மனசு திரும்ப அதக் கேட்கும் வாப்பா. அதோட சண்ட பிடிக்க இங்க பழகியிருக்கன். ஆனா நீங்க செஞ்சு வச்சிருக்கிற ஹாபிழோட என்னால சண்ட பிடிக்க ஏலாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மஸாஹிர் ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நமது ஊருக்கு அல்லாஹ் தந்த ஒரு பாக்கியம்..." என்று தொடங்கினார். மூன்றாவது வரிசையில் றஊப் எழுந்தார்.

"ஹாஜியார், மன்னிக்கணும். என்ட மகன் ஓதப் போகல்ல. நான் பொய் சொன்னன்."

முன்வரிசைத் தலைகள் திரும்பின.

"அவன் ஐஸ் பாவிச்சான். நான் கரையில இறக்கிற ஐஸ் இல்ல. இப்ப வைத்தியம் நடக்குது. பன்னிரண்டு ஜுஸ்உ அவனுக்குத் தெரியாது. ஆனா நாப்பத்தேழு நாள் அந்த விஷத்தத் தொடாம இருந்திருக்கான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு யுத்தம். நான் என்ட கண்ணால பார்த்தன். அடுத்த கிழமைக்குப் பிறகு வீட்ட வருவான். அவனத் தொழுவிக்கச் சொல்ல வேணாம். தொழுறதுக்கு வரிசையில அவனுக்கு ஒரு இடம் விட்டாப் போதும்."

ஹாஜியார் அறிவிப்பைத் தொடராமல், நபியின் மீது ஸலவாத்துச் சொல்லிச் சபையை முடித்தார். சிலர் றஊபைப் பார்க்காமலே செருப்பைத் தேடினார்கள். கரையில் கேலி செய்கிற இரண்டு பேர் வந்து கட்டிப்பிடித்தார்கள், அவர்கள் வாயில் அன்று ஒரு கேலியும் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு றஊப் தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ வந்து அமர்ந்தார்கள். அத்தர் வாசனை. தொழுகை முடிந்த பிறகும் ஹாஜியார் மறுபடி கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"றஊப்... அந்த இடத்துக்கு எந்த பஸ்?"

றஊப் திரும்பிப் பார்த்தார்.

"என்ட கடைசி மகள் அக்கீலா. மாமி வீட்ட நிண்டு படிக்கிறாள்னு சொல்லி வச்சிருக்கம். வீட்டுலதான் இருக்கா. நாலு மாசமா அறைய விட்டு வாறல்ல. சோறு வேணாம், கதை இல்ல, சுவரப் பார்த்திட்டே இருக்கா. அவ ஒரு கெட்ட பழக்கமும் பழகல்ல. சாகணும் போல இருக்குன்னு உம்மாக்கிட்ட சொன்னாளாம். அதுக்கும் அங்க பார்ப்பாங்களா?"

நிற்கிறவர்கள் வழி விடும் அந்த நடைக்குள் இப்படி ஒரு வீடு இருந்ததா என்று றஊப் திகைத்தார். "பார்ப்பாங்க ஹாஜியார். அந்த வார்த்தைய அவ சொல்லியிருந்தா ஒரு நாளும் பிந்தக் கூடாது. ஆஸ்பத்திரியில இப்பவும் டொக்டர் இருப்பார். பஸ் வேணாம், என்ட லொறியில போவம்."

றஹ்மாவையும் அக்கீலாவையும் ஏற்றிக்கொண்டு அரை மணித்தியாலத்தில் லொறி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. றஹ்மா அக்கீலாவின் தோளைப் பிடித்து இறக்கினாள். பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். ஹாஜியார் மட்டும் இருக்கையை விட்டு அசையவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"நீங்க கூட்டிக்கொண்டு போங்க றஊப். உள்ள நம்மட ஊர்ச் சனம் யாராவது இருக்கும். நான் இதுல இருக்கன்."

றஊப் சுற்றி வந்து கதவைத் திறந்தார். ஐந்து சனிக்கிழமை இதே லொறிக்குள் இருந்து ரேடியோ கேட்ட மனுசன் அவர்.

"வருத்தம் புள்ளைக்கு, வீடு உங்களுக்கு. இறங்குங்க ஹாஜியார். புள்ளைக்குக் காய்ச்சல்னா ஊரையே கூப்பிட்டுச் சொல்றம், மனசுல வருத்தம்னா மட்டும் புள்ளய ஒளிச்சு வைக்கிறம். புள்ளயள அந்த வருத்தத்த விட நம்மட ஒளிப்புத்தான் கொல்லுது. மருந்து உள்ள இருக்கு. பாதி மருந்து நீங்கதான்."

ஹாஜியார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, மகளின் கையைப் பிடித்தார்.