கண்ணாடி அலமாரிக் குழாய்கள்

ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் ரோடெல் மூன்றாவது தடவையாக முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். விரலிடுக்கில் அந்த எண்ணெய் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. மந்தாவே நகரில் தோட்டக் குழாய் செய்யும் ஆலையில் பதினோரு வருடமாக அவனுக்கு ஒரே வேலை. மாவாக வரும் பிளாஸ்டிக்கில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். எண்ணெய் சேராவிட்டால் குழாய் எலும்பு மாதிரி விறைத்து நிற்கும்.

"நீ கழுவி முடிக்கறதுக்குள்ள உன் மக காலேஜுக்கே போயிருவா," என்றாள் அவன் மனைவி ஜோவெலின்.

"இந்தக் கையோட நான் அவளைத் தொடமாட்டேன், பங்கா, என் செல்லமே. அந்த எண்ணெய் பிஞ்சு உடம்புக்கு ஆகாது. ஆலையிலயே கையுறை போடச் சொல்றாங்க."

மகள் பிறந்து பன்னிரண்டு நாளாகிறது. வரவேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்னதாக, ஒரு கிலோ எடையோடு வந்துவிட்டாள். அம்மா தினமும் அவளை வெறும் மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அப்பா ஒருநாளும் தொட்டதில்லை.

நர்ஸ் தெரெசிங் வந்தாள். குழந்தையின் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் பால் குழாயின் ஒட்டுப் பட்டை பிய்ந்திருந்தது. குழாயை மெல்ல உருவித் தட்டில் போட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். நாலு மணிப் பாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கை பழகிய பழக்கம், ரோடெல் தட்டிலிருந்த குழாயை எடுத்து வளைத்துப் பார்த்தான். வெளியே இருந்த பாதி வளைந்தது. வயிற்றுக்குள் இருந்த பாதி வளையவில்லை. காய்ந்த குச்சி போல நின்றது.

அவன் குழாயோடு நர்ஸின் பக்கம் திரும்பினான்.

"மேம், கொஞ்சம் நிறுத்துங்க."

"என்ன டோங், என்ன தம்பி? பால் நேரம்."

"இது எத்தனை நாளா உள்ள இருந்துச்சு?"

"ஒம்பது நாள்."

அவன் புதுப் பொட்டலத்தைத் திருப்பினான். அதிகபட்சம் மூன்று நாள் என்று அச்சிட்டிருந்தது. "இதை இளக்கமா வெச்சிருந்த எண்ணெயை நான் தினமும் பீப்பாயிலேர்ந்து ஊத்தறேன் மேம். இந்தப் பாதி விறைச்சுப்போச்சு. அப்போ அது எங்க போச்சு?"

தெரெசிங்கின் முகம் சிவந்தது. "மாத்தறப்பெல்லாம் இவ மூச்சை நிறுத்திடறா. அதனாலதான் விட்டு வெச்சோம். இருபது வருஷமா இதே குழாய்தான். குழாய் ஆலைக்காரர் வந்து எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"இல்ல மேம். கெஞ்சறேன். எண்ணெய் கலக்காத ரகம் இல்லையா?"

அவள் கண் ஒரு நொடி சுவரோரம் போய்த் திரும்பியது. கண்ணாடி அலமாரிக்குள் நீலப் பெட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன. "அது அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்ட வெச்சது. எடுத்தா நான்தான் பதில் சொல்லணும்."

ஜோவெலின் எழுந்து வந்தாள். "எங்கம்மா வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு மேம். பூப்போட்ட தட்டு இருபத்தி நாலு. பிறந்ததிலேர்ந்து அதுல ஒரு வாய் சோறு நான் தின்னதில்ல. விருந்தாளிக்காம்." அவள் மகள் பக்கம் கையைக் காட்டினாள். "இவளும் விருந்தாளிதானே மேம்? மூணு மாசம் முன்னாடியே வந்துட்டா. இவளுக்கு எடுக்காத தட்டு வேற யாருக்கு?"

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. தெரெசிங் பையிலிருந்து சாவியை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் போய் அலமாரியைத் திறந்தாள்.

புதுக் குழாய் மூக்கில் நுழைந்ததும் குழந்தை மூச்சை நிறுத்தினாள். திரையில் இதயத் துடிப்பின் எண்கள் சரிந்தன. நூற்று இருபது. தொண்ணூறு. எழுபது. ஜோவெலினின் நகம் ரோடெலின் கையில் பதிந்தது. நானே கேட்டு வாங்கின குழாய், என்று அவன் உதடு முணுமுணுத்தது. தெரெசிங் சின்ன உள்ளங்காலைத் தேய்த்தாள். "வாடி, இன்டாய், சின்னப் பொண்ணே, வா. உங்கப்பா சண்டை போட்டு வாங்கினது." இன்னொரு தடவை தேய்த்தாள்.

குழந்தை விக்கியது. எண்கள் ஏறின.

பால் இறங்க ஆரம்பித்த பிறகுதான் ரோடெலுக்குப் பேச்சு வந்தது. "உள்ள போனது என்ன செய்யும் மேம்?"

"தெரியாது டோங். டாக்டர்கிட்ட நானே சொல்றேன். ஆனா அவருக்கும் தெரியுமான்னு சந்தேகம்தான். இனிமே போகாது. அதை மட்டும் சொல்லலாம்."

அவள் மற்ற பெட்டிகளையும் அள்ளி, அங்கே படுத்திருந்த ஏழு குழந்தைகளின் தலைமாட்டிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். வெறும் அலமாரி திறந்தே கிடந்தது. பிறகு ரோடெலிடம் திரும்பினாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"என் கை..."

"என் சோப்பு பூரா அந்தக் கையிலதான் கரைஞ்சிருக்கு. உட்காருங்க."

அவன் உட்கார்ந்தான். ஒரு கிலோ சூடு நெஞ்சில் வந்து படிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தான். ஜோவெலின் அதைப் பிடித்து மகளின் முதுகில் வைத்தாள்.