சுகன்யாவின் சக்கரம்

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் பொங்கல் பானையை எந்தப் பெண் வைப்பது என்று எங்கள் தெருவில் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம். சீட்டு எழுதுவது, சுருட்டுவது, சொம்பில் போட்டுக் குலுக்குவது எல்லாம் சந்தனமாரியாகிய நான்தான். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட என் பேர் வந்ததில்லை. என் நேர்மைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த வருடம் கொழுந்தன் பெண்டாட்டி சுகன்யா செல்போனோடு வந்து நின்றாள். ஏற்கெனவே கொடை நோட்டீசை ஏதோ இலவச வெப்சைட்டில் அவளே தயார் செய்து ஆழ்வார்குறிச்சி முழுக்கப் பேர் வாங்கியிருந்தாள்.

"யக்கா, சீட்டெல்லாம் எதுக்கு? பேரைப் போட்டா இந்த வெப்சைட்டே சக்கரம் சுத்தி ஒரு ஆளை எடுத்துரும். காசே கிடையாது."

பெண்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். என் சொம்பை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கலர் கலராகச் சுற்றிய சக்கரம் என் பேரில் வந்து நின்றது.

"ஏட்டி சுகன்யா, நீ பெரிய கெட்டிக்காரிதான்!" என்று தனலட்சுமி மதினி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வந்தது என் பேர், திருஷ்டி கழித்தது அவளுக்கு! சீட்டுகள் போட்டு வைத்திருந்த என் சொம்பை எடுத்து எல்லோருக்கும் நடுவில் டொக்கென்று வைத்தேன்.

"இது செல்லாது. செல்போன் சொன்னா சாமி சொன்ன மாதிரி ஆயிருமா?"

"உங்க பேருதானக்கா வந்திருக்கு?"

"யாரு பேரா இருந்தா என்ன? சீட்டுதான் போடணும்."

சொம்பை நன்றாகக் குலுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

என் கையெழுத்தில், குண்டு குண்டாக, சுகன்யா என்று இருந்தது.